கெடாவெட்டு விருந்தும் ஞாயிற்றுக்கிழமை ஷிப்டும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

உயிர்த்தெழுதல் திருநாளுக்கு முந்திய நாற்பது நாள் உபவாச காலமான லெந்து நெருங்கினால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்கள் கூடிவிடும். இம்முறை வந்தவற்றில் கொங்கு நாட்டு வாசகர்களின் கடிதங்களே மிகுதி என்பதால் அவற்றையே எடுத்துக்கொண்டேன். பெரும்பாலானவை "இது பாவமா, இல்லையா?" என்று ஒரே வரியில் தீர்ப்புக் கேட்கின்றன. வேதம் அப்படி ஒரே வரியில் தீர்த்து வைக்கும் காரியங்களும் உண்டு. ஆனால் நாள், உணவு, காணிக்கை போன்ற ஆசரிப்புகளைப் பற்றிப் பேசும்போது அது பெரும்பாலும் நம் பக்கத்தில் நிற்கும் இன்னொருவரைக் காட்டியே பேசுகிறது. ஆகவே சில பதில்கள் நீண்டுவிட்டன.

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவுக்குச் சூப்பர்வைசராக இருக்கிறேன். ஷிப்மெண்ட் நெருங்கும் மாதங்களில் ஞாயிற்றுக்கிழமையும் வேலை வைத்துவிடுகிறார்கள். ஆலயத்துக்குப் போக முடியாமல் போய்விடுகிறது. ஓய்வுநாளை மீறிச் சம்பாதிக்கும் பணம் தங்காது என்று அம்மா வருந்துகிறார். வேலையை விட்டுவிடுவதா, ஐயா? (வாசகர், திருப்பூர்)

பதில்: வேலையை விட வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை பொது விடுமுறையாக இருப்பதை நாம் இயல்பாக எடுத்துக்கொள்கிறோம். ஆனால் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் கி.பி. 321இல் ஆணையிடும் வரையில் அது எல்லா நாட்களையும் போல ஒரு வேலை நாளாகத்தான் இருந்தது, அந்த ஆணையிலும் பயிர்த் தொழில் செய்வோருக்கு விலக்கு அளிக்கப்பட்டிருந்தது. அதற்கு முந்திய விசுவாசிகள், அவர்களில் அடிமைகளாயிருந்த பலரும் உட்பட, வேலைக்கு முன்போ பின்போதான் கூடினார்கள். கி.பி. 112 வாக்கில் பித்தினியாவின் ஆளுநராயிருந்த பிளினி, கிறிஸ்தவர்கள் குறித்த ஒரு நாளில் விடியுமுன் கூடிக் கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாடுகிறார்கள் என்று பேரரசர் டிராஜனுக்கு எழுதினார். துரோவாவில் வாரத்தின் முதல் நாள் இரவில் நடந்த கூட்டத்தில், பவுல் நடுராத்திரி வரை பிரசங்கித்ததால், ஐத்திகு என்னும் வாலிபன் தூங்கிப்போய் மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து விழுந்தான் (அப்போஸ்தலர் 20:7-12). பவுலின் பிரசங்கத்திலேயே தூங்கியவர் உண்டு என்பதில் எங்களைப் போன்றவர்களுக்கு ஓர் ஆறுதல். உங்கள் ஊரில் அதிகாலை ஆராதனையோ மாலை ஆராதனையோ நடக்கும் சபை எது என்று விசாரித்து, வேலை இருக்கும் வாரங்களில் அங்கே போங்கள்.

ஆனால் உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஓய்வுநாள் கட்டளையை முழுவதும் வாசித்துப் பாருங்கள். நீயும், உன் குமாரனும், குமாரத்தியும் என்பதோடு அது நிற்கவில்லை. வேலைக்காரன், வேலைக்காரி, மிருகஜீவன், உன் வாசல்களில் இருக்கிற அந்நியன் என்று நீண்டுகொண்டே போகிறது (யாத்திராகமம் 20:10). உபாகமம் அதற்குக் காரணமும் சொல்கிறது: நீ எகிப்திலே அடிமையாயிருந்ததை நினை (உபாகமம் 5:15). நீங்கள் சூப்பர்வைசர். உங்களுக்கு ஞாயிறு வேலை என்றால் உங்கள் டேபிளில் நின்று பீஸ் பார்க்கும் பெண்களுக்கும் வேலை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து கம்பெனி விடுதியில் தங்கியிருக்கும் பிள்ளைகள் வாரம் முழுவதும் ஒன்றரை ஷிப்ட் நின்றுவிட்டு, துணி துவைக்கவும் வீட்டுக்குப் போன் பேசவும் இருக்கும் அந்த ஒரு நாளையும் இழக்கிறார்கள். அவர்கள் கிறிஸ்தவர்களா என்று கட்டளை கேட்கவில்லை. வாரத்தில் ஒரு நாள் விடுமுறையும், கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலியும் தொழிலாளர் சட்டமே தரும் உரிமைகள். ஞாயிறு வேலை தவிர்க்க முடியாத வாரத்தில் வேறொரு நாள் மாற்று விடுமுறை கொடுக்க வேண்டும் என்று மேனேஜரிடம் எடுத்துச் சொல்லும் இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். ஆலயத்துக்குப் போய் உட்காருவதைவிட இது கடினமான ஓய்வுநாள் ஆசரிப்பு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொன்று, "வேலை வைத்துவிடுகிறார்கள்" என்பது எல்லா வாரங்களுக்கும் உண்மைதானா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். கூடுதல் பணத்துக்காக நாமே பெயர் கொடுத்துவிட்டுக் கம்பெனி மேல் பழியைப் போடுவதும் நடப்பதுதான். அம்மாவிடம் மாற்கு 2:27ஐ வாசித்துக் காட்டுங்கள்: "ஓய்வுநாள் மனுஷனுக்காக உண்டாக்கப்பட்டது, மனுஷன் ஓய்வுநாளுக்காக உண்டாக்கப்படவில்லை."

கேள்வி: காலையில் ஜெபிக்க நேரம் கிடைப்பதில்லை. வேலைக்கு வண்டியில் போகும்போதே மனதுக்குள் ஜெபித்துக்கொள்கிறேன். அது ஜெபமாகுமா? (வாசகர், பள்ளிபாளையம்)

பதில்: ஆகும். அர்தசஷ்டா ராஜா "நீ கேட்கிற காரியம் என்ன?" என்று கேட்டதற்கும் தான் பதில் சொன்னதற்கும் இடைப்பட்ட நேரத்தில் நெகேமியா பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபித்தான் (நெகேமியா 2:4). அதைவிடக் குறுகிய ஜெபத்தை நான் வேதத்தில் கண்டதில்லை. ஆனால் அதே நெகேமியா அதற்கு முன்பு சில நாட்கள் உட்கார்ந்து அழுது, உபவாசித்து, மன்றாடியவன் என்பதை முந்தைய அதிகாரம் சொல்கிறது. வாரத்தில் ஒரு நாளாவது உட்கார்ந்து ஜெபியுங்கள். வண்டியில் கண்ணை மட்டும் மூட வேண்டாம்.

கேள்வி: எங்கள் அப்பச்சி வீட்டில் மூன்று வருடங்களுக்கு ஒருமுறை முனியப்பனுக்குக் கெடா வெட்டி, ஒரம்பரை (உறவினர்) எல்லோரையும் அழைத்து விருந்து வைப்பார்கள். நானும் என் கணவரும் ஞானஸ்நானம் பெற்ற பிறகு வரும் முதல் நோம்பி இது. மாமா நேரிலேயே வந்து அழைத்துவிட்டுப் போனார். போனால் விக்கிரகத்துக்குப் படைத்ததில் பங்கு பெற்றவர்களாவீர்கள் என்று ஜெபக்குழுவில் சொல்கிறார்கள். போகாவிட்டால் பிறந்த வீட்டில் தலைகாட்ட முடியாது என்று அம்மா அழுகிறார். என்ன செய்வது? (வாசகி, கோபிசெட்டிபாளையம்)

பதில்: சகோதரி, ஏறத்தாழ இதே கேள்வியைத்தான் கொரிந்து சபையார் பவுலிடம் கேட்டிருந்தார்கள். அந்த நகரத்தில் இறைச்சி என்றாலே அதில் ஒரு பங்கு கோயில் பலியிலிருந்து வந்ததாக இருக்க வாய்ப்புண்டு. கோயில்களிலேயே விருந்து நடக்கும். அங்கே அகழ்ந்தெடுக்கப்பட்ட அஸ்கிலேப்பியன் கோயிலில் பந்தி அறைகளை இன்றும் காணலாம். தொழில், உறவு, நட்பு எல்லாம் அந்தப் பந்திகளில்தான் கூடின. ஆகையால் "போகலாமா, உண்ணலாமா?" என்பது அவர்களுக்கும் குடும்பத்தைத் தொடும் கேள்வியாகவே இருந்தது.

பவுல் அதற்கு ஒரே பதிலைத் தரவில்லை என்பதைக் கவனியுங்கள். 1 கொரிந்தியர் 10ஆம் அதிகாரத்தில் மூன்று நிலைகளைப் பிரித்துப் பேசுகிறார். பலிபீடத்தின் பந்தியில் வழிபாட்டின் பங்காக உட்காருவது கூடாது. கர்த்தருடைய பந்தியில் உட்காருகிறவன் அதிலும் உட்கார முடியாது. கடையில் விற்கும் இறைச்சியை எங்கிருந்து வந்தது என்று விசாரிக்காமல் வாங்கி உண்ணலாம். விசுவாசியல்லாதவர் வீட்டுக்கு அழைத்தால், "போக உங்களுக்கு மனதாயிருந்தால்" போய், வைத்ததை உண்ணலாம். ஆனால் இது படைக்கப்பட்டது என்று ஒருவர் சுட்டிச் சொன்னால், சொன்னவரின் மனச்சாட்சியை முன்னிட்டு உண்ண வேண்டாம்.

உங்கள் அப்பச்சி வீட்டு விருந்து இதில் எங்கே வருகிறது? கெடா எதற்காக வெட்டப்படுகிறது என்பதை யாரும் உங்களுக்குச் சுட்டிச் சொல்லத் தேவையில்லை, ஊருக்கே தெரியும். ஆகவே அந்தக் கறியை உண்ணாமலிருப்பதே நல்லது என்பது என் கருத்து. அந்த இறைச்சியில் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. விக்கிரகமானது ஒன்றுமில்லை என்று பவுலே சொல்கிறார் (1 கொரிந்தியர் 8:4). நீங்கள் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பதை உங்களுக்கு முன்னும் பின்னும் இருப்பவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நேற்றுத்தான் விசுவாசத்துக்கு வந்த ஒருவர் உங்களைப் பார்த்துத் தடுமாறக்கூடாது. கறியை உண்பதிலும் தவறில்லை என்று சொல்லும் ஆயர்களும் இருக்கிறார்கள். அவர்களை நான் குறைகூற மாட்டேன்.

ஆனால் போகாமல் இருக்காதீர்கள். பூசை நடக்கும் நேரத்தில் முனியப்பன் கோயிலில் நிற்க வேண்டாம். முந்தின நாளே வீட்டுக்குப் போய் வெங்காயம் உரியுங்கள், பந்தியில் தண்ணீர் ஊற்றுங்கள், மொய் எழுதும் இடத்தில் உங்கள் கணவர் நோட்டைப் பிடிக்கட்டும். நீங்கள் கறி எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்பதை அத்தையிடம் முன்கூட்டியே தனியாகச் சொல்லிவிடுங்கள். இலையில் குழம்பு ஊற்றிய பிறகு கையை நீட்டி மறுத்தால் விருந்து வைத்தவருக்குத்தான் அவமானம். பழனிக்கு மாலை போட்டவர்கள் அதே பந்தியில் ரசமும் தயிரும் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்திருப்பதை நம் ஊரில் யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லையே. விரதம் என்றால் என்னவென்று கொங்கு நாட்டு அத்தைகளுக்கு நாம் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. முன்னமே சொன்னால் உங்களுக்கென்று ஒரு பொரியலை எடுத்து வைத்துவிடுவார்கள்.

ஜெபக்குழுவினருக்கும் ஒரு வார்த்தை. அந்நியர் பலியிடுவதைப் பற்றிப் பவுல் கடுமையாக எழுதியிருப்பது உண்மைதான் (1 கொரிந்தியர் 10:20). ஆனால் அதைத் தம் சபைக்கு எழுதிய கடிதத்தில் எழுதினார். அத்தேனே பட்டணத்தில் விக்கிரகங்களைக் கண்டு உள்ளம் கொதித்தபோதும், அவ்வூர் மக்களின் முன்னே நின்று பேசுகையில் அவர்களுடைய பக்தியைக் குறிப்பிட்டு, அவர்களுடைய புலவர்களின் வரியையே எடுத்துக்காட்டிப் பேசினார் (அப்போஸ்தலர் 17:22-28). சபைக்குள் சொல்ல வேண்டியதை மாமா வீட்டு வாசலில் சொல்லக்கூடாது. சீரிய ராஜாவின் படைத்தலைவனான நாகமானும் தன் எஜமானோடு ரிம்மோன் என்னும் தெய்வத்தின் கோவிலுக்குள் போக நேர்வதை எலிசாவிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டபோது, தீர்க்கதரிசி அவனைக் கடிந்துகொள்ளவில்லை. "சமாதானத்தோடே போ" என்றுதான் அனுப்பினார் (2 இராஜாக்கள் 5:18-19). புதிதாய் விசுவாசத்துக்கு வந்தவர்களிடம் அந்தப் பொறுமை நமக்கும் இருக்க வேண்டும்.

கேள்வி: என் மாமனாருக்குச் சர்க்கரை நோய் உண்டு. லெந்து நாற்பது நாளும் மூன்று மணி வரை தண்ணீர்கூடக் குடிக்காமல், மாத்திரையையும் போடாமல் உபவாசம் இருக்கிறார். போன வருடம் ஒரு நாள் மயங்கி விழுந்துவிட்டார். வேண்டாம் என்றால், உனக்கு விசுவாசமில்லை என்கிறார். (வாசகி, பொள்ளாச்சி)

பதில்: மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்துவது எந்தச் சபையின் உபவாச முறையிலும் இல்லை. ஒழுங்குமுறைகளை எழுத்தில் வைத்திருக்கும் கத்தோலிக்கத் திருச்சபைகூட 18 வயது முதல் 59 வயது வரை உள்ளவர்களுக்கே நோன்பைக் கடமையாக்குகிறது; அதுவும் சாம்பல் புதன், பெரிய வெள்ளி ஆகிய இரு நாட்களுக்கு மட்டும். சாம்பல் புதன் தொடங்கி உயிர்த்தெழுதல் திருநாளுக்கு முந்திய சனி வரை எண்ணினால் 46 நாட்கள் வரும். ஆறு ஞாயிற்றுக்கிழமைகளையும் நீக்கித்தான் நாற்பது என்று கணக்கிட்டார்கள், ஏனெனில் ஞாயிறு உபவாச நாளல்ல. உங்கள் மாமனார் ஞாயிற்றுக்கிழமையும் பட்டினி இருக்கிறார் என்றால், முன்னோர்கள் கேட்டதைவிடக் கூடுதலாகவே செய்கிறார்.

தானியேல் மூன்று வாரம் ருசியான உணவையும் இறைச்சியையும் திராட்சரசத்தையும் விலக்கியிருந்தார் (தானியேல் 10:3). முழுப்பட்டினி இருந்ததாக அங்கே சொல்லப்படவில்லை. மாமனாருக்குப் பிடித்த கறியையும், சாயங்கால வடையையும் இந்த நாற்பது நாளும் விட்டுவிடட்டும். அந்தப் பணத்தை எடுத்து வைத்து யாருக்காவது கொடுக்கட்டும். வேளைக்கு உணவும் மாத்திரையும் இருக்கட்டும். ஏசாயா 58ஐ அவரே உங்களுக்கு வாசித்துக் காட்டும்படி கேளுங்கள். பசியுள்ளவனுக்கு ஆகாரத்தைப் பகிர்ந்துகொடுப்பதும், உன் மாம்சமானவனுக்கு உன்னை ஒளிக்காமலிருப்பதும் அல்லவோ உபவாசம் என்று அங்கே இருக்கிறது. மூன்று மணிக்கு அவருக்கென்று தனியாக உலை வைப்பதும், மயங்கிவிடுவாரோ என்று மதியம் முழுவதும் பார்த்துக்கொண்டிருப்பதும் நீங்கள்தானே? அவருடைய உபவாசத்தின் பாரத்தைச் சுமப்பது மருமகளாக இருந்தால், அந்த உபவாசம் யாருடையது என்று அவரிடம் மரியாதையாகக் கேட்கலாம். நீங்கள் கேட்கத் தயங்கினால் உங்கள் ஆயரைக் கேட்கச் சொல்லுங்கள்.

கேள்வி: காங்கேயம் பக்கம் ஒரு தேங்காய்ப் பருப்புக் களத்தில் எடை எழுதும் வேலை. விவசாயிகள் கொண்டுவரும் மூட்டையில் சாக்குக் கழிவு போக இன்னும் ஒரு கிலோவைக் குறைத்து எழுதச் சொல்கிறார் முதலாளி. எனக்கு அதில் ஒரு பைசாவும் வருவதில்லை. "எங்களைச் சோதனைக்குட்படப்பண்ணாமல்" என்று தினமும் ஜெபிக்கிறேன். காலையில் களத்துக்குப் போனால் அதே சோதனை. தேவன்தான் என்னைச் சோதிக்கிறாரா? (வாசகர், காங்கேயம்)

பதில்: உங்கள் கடைசிக் கேள்விக்கு யாக்கோபு நேரடியாகவே பதில் சொல்லியிருக்கிறார். தேவன் ஒருவனையும் பொல்லாங்கினால் சோதிக்கிறவரல்ல. அவனவன் தன் சுய இச்சையினாலே இழுக்கப்பட்டுச் சிக்குண்டு சோதிக்கப்படுகிறான் (யாக்கோபு 1:13-14). ஆபிரகாமைத் தேவன் சோதித்தார் என்று வாசிக்கிறோமே என்றால், அங்கே அவனுடைய விசுவாசம் வெளிப்பட்டது. திருடு என்று அவனுக்கு யாரும் ஆசை காட்டவில்லை.

"எனக்கு ஒரு பைசாவும் வருவதில்லை" என்கிறீர்கள். சம்பளம் வருகிறது, அது நிற்காமல் வருவதற்காகத்தான் எழுதுகிறீர்கள். இதைக் குற்றஞ்சாட்டுவதற்காகச் சொல்லவில்லை. வனாந்தரத்தில் கர்த்தருக்கு வந்த முதல் சோதனையைப் பாருங்கள்: நாற்பது நாள் பசித்திருந்தவரிடம் கல்லை அப்பமாக்கச் சொன்னது அது (மத்தேயு 4:3). அப்பம் கெட்டதல்ல, பசியும் பொய்யல்ல. இரண்டாவது சோதனை சங்கீதம் 91இன் வசனத்தோடு வந்தது. சோதனை பெரும்பாலும் நியாயமான தேவையின் பேரில்தான் வரும். உங்களுக்கு அது பிள்ளையின் பள்ளிக் கட்டணமாகவும், மளிகைக் கடைப் பாக்கியாகவும் வந்திருக்கிறது. நம்மைப் போலச் சோதிக்கப்பட்ட பிரதான ஆசாரியர் நமக்கு இருக்கிறார் என்று எபிரேயர் 4:15 சொல்வதன் பொருள் இங்கேதான் விளங்குகிறது.

ஆனால் அந்த ஒரு கிலோ யாருடையது என்பதையும் பார்த்துவிடுங்கள். மூட்டையைத் தட்டில் ஏற்றியதும் எண் நிலைத்து நிற்பதற்குள் நீங்கள் எழுதிவிடுகிறீர்கள். சாக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கும் விவசாயிக்குக் கண்ணாடி இருந்தாலும் படிக்க நேரமில்லை. ஈரியோபைட் சிலந்தியும் வெள்ளை ஈயும் தின்றது போக அவர் தோப்பில் மிஞ்சிய காயின் பருப்பு அது. "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது" என்கிறது நீதிமொழிகள் 11:1. ஆமோஸ் இன்னும் நெருங்கி வருகிறார்: ஓய்வுநாள் எப்போது முடியும், மரக்காலைக் குறைத்து விற்கலாம் என்று காத்திருந்தவர்களை அவர் சாடுகிறார் (ஆமோஸ் 8:5). அவர்கள் ஓய்வுநாளை ஒழுங்காக ஆசரித்தவர்கள் என்பதுதான் அந்த வசனத்தில் என்னை உறுத்துவது.

வேலையை உடனே உதறிவிடுங்கள் என்று எழுதுவது எனக்கு எளிது. வீட்டில் அடுப்பு எரிய வேண்டியது உங்களுக்கு. யோவான்ஸ்நானகனிடம் வரி வசூலிப்பவர்கள் "நாங்கள் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டபோது, தொழிலை விடுங்கள் என்று அவர் சொல்லவில்லை, கட்டளையிட்டதற்கு மேல் வாங்காதிருங்கள் என்றார் (லூக்கா 3:12-13). அந்த வழியில் முதலில் முயலுங்கள். எண் நின்ற பிறகு அதை வாய்விட்டுச் சொல்லி எழுதும் பழக்கத்தைத் தொடங்குங்கள். கழிவு எதுவானாலும் அதைச் சீட்டிலேயே தனி வரியாக எழுதிவிடலாம், விவசாயிக்கும் தெரியட்டும் என்று முதலாளியிடம் கேட்டுப் பாருங்கள். நேர்மையான களம் என்று பெயர் வந்தால் சரக்குத் தேடி வரும் என்பது வியாபாரம் தெரிந்த எவருக்கும் புரியும் பேச்சு. ஒப்பவில்லை என்றால் எடையை விட்டு உலர்த்துகிற பக்கமோ லோடு பக்கமோ மாற்றக் கேளுங்கள். அதற்கிடையில் வேறு வேலை தேடுங்கள்.

சோதனையோடுகூட அதற்குத் தப்பிக்கொள்ளும்படியான போக்கையும் தேவன் உண்டாக்குவார் என்று 1 கொரிந்தியர் 10:13 சொல்கிறது. அந்தப் போக்கு சில வேளைகளில் சபையாராகவே இருக்க வேண்டும். உங்கள் சபையில் கடை வைத்திருப்பவர், மில் நடத்துபவர், லாரி வைத்திருப்பவர் எத்தனை பேர்? சபை மூப்பர் ஒருவரிடம் இதைத் தனியாகச் சொல்லுங்கள். எடையில் நேர்மையாக இருந்ததற்காக ஒருவர் வேலை இழந்தால், மூன்று மாதம் அவர் வீட்டு மளிகைக்குப் பொறுப்பேற்க முடியாத சபை, சோதனையைப் பற்றிப் பிரசங்கிப்பதைச் சற்று நிறுத்திவைக்கலாம்.

கேள்வி: என் கணவருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. இரண்டு வருடம் ஜெபித்தோம், உபவாசித்தோம். இறந்துவிட்டார். வெளியூரிலிருந்து வந்த ஊழியர் ஒருவர், குடும்பத்தில் விசுவாசக் குறைவு இருந்திருக்கும் என்று என் முகத்துக்கு நேரே சொன்னார். அதிலிருந்து ஆலயத்தில் பாட்டுப் பாட வாய் வருவதில்லை. நான் விசுவாசியா என்றே தெரியவில்லை. (வாசகி, ராசிபுரம்)

பதில்: அம்மா, அந்த ஊழியர் சொன்னது தவறு. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் அவரோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தவரை நல்லவர்களாக இருந்தார்கள். வாய் திறந்து காரணம் சொல்லத் தொடங்கிய பிறகு, நீங்கள் என்னைக் குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று கர்த்தரே அவர்களிடம் கோபப்பட்டார் (யோபு 42:7).

விசுவாசமுள்ள ஜெபம் பிணியாளியை இரட்சிக்கும் என்று யாக்கோபு எழுதியிருப்பதை (5:15) உங்களிடம் எடுத்துக்காட்டியிருப்பார்கள். அந்த வசனத்தை நான் ஒதுக்கிவிடவில்லை. சுகம் பெற்றவர்களை நம் சபைகளில் பார்த்திருக்கிறோம். ஆனால் அதே புதிய ஏற்பாட்டில் பவுல் துரோப்பீமுவை நோயாளியாகவே மிலேத்துவில் விட்டுவிட்டுப் போகிறார் (2 தீமோத்தேயு 4:20). தீமோத்தேயுவுக்கு அடிக்கடி வந்த வயிற்று நோய்க்குக் கொஞ்சம் திராட்சரசம் குடிக்கச் சொல்கிறார். தம்முடைய மாம்சத்திலிருந்த முள்ளுக்காக மூன்றுமுறை வேண்டியும் அது நீங்கவில்லை. கெத்செமனேயில் கர்த்தரே மூன்றுமுறை ஜெபித்தார், பாத்திரம் நீங்கவில்லை. விசுவாச வீரர்களின் பட்டியல் என்று நாம் சொல்லும் எபிரேயர் 11இல், விசுவாசத்தினாலே பட்டயக்கருக்குக்குத் தப்பினவர்களும், பட்டயத்தினாலே வெட்டப்பட்டு மரித்தவர்களும் சில வசன இடைவெளியில் வருகிறார்கள்; இரு சாராரும் விசுவாசத்தினாலே நற்சாட்சி பெற்றவர்கள் என்றே அதிகாரம் முடிகிறது. அந்த ஊழியர் முதல் பாதியோடு நிறுத்திவிட்டார் போலும்.

ராசிபுரத்திலிருந்து பார்த்தால் தெரியும் கொல்லிமலையில் ஜெஸ்ஸி பிராண்ட் என்னும் மிஷனரியும் அவர் மனைவி ஈவ்லினும் 1913 முதல் ஊழியம் செய்தார்கள். மலேரியாவைத் தொடர்ந்து வரும் கடுங்காய்ச்சலில் ஜெஸ்ஸி 1929இல் இறந்துபோனார். மலைமக்களின் காய்ச்சலுக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தவர் அவர். அவருக்காக ஜெபித்தவர்களுக்கு விசுவாசம் குறைவு என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்? ஈவ்லின் மீண்டும் அந்த மலைகளுக்கே திரும்பி, 1974இல் 95 வயதில் இறக்கும்வரை அங்குள்ள மக்களிடையே ஊழியம் செய்தார். கொல்லிமலையில் பிறந்த அவர்களுடைய மகன் பால் பிராண்ட், வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்து புகழ் பெற்றார். இவையெல்லாம் நடக்கவே ஜெஸ்ஸி இறக்க வேண்டியிருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் கணவரின் மரணத்துக்கும் காரணம் சொல்ல மாட்டேன், எனக்குச் சொல்லப்படவில்லை.

பாட வாய் வரவில்லை என்றால் பாட வேண்டாம். 88ஆம் சங்கீதம் தொடக்கம் முதல் முடிவு வரை இருளையே பேசி, ஒரு ஸ்தோத்திரம்கூட இல்லாமல் முடிந்துபோகிறது. அதுவும் ஆலயத்தில் பாடுவதற்கென்றே வேதத்தில் வைக்கப்பட்ட பாட்டுதான். அதைப் படியுங்கள். "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கண்ணீரோடு சத்தமிட்ட தகப்பனைக் கர்த்தர் திருப்பி அனுப்பவில்லை (மாற்கு 9:24). திமிர்வாதக்காரனைக் கூரையைப் பிரித்து இறக்கியபோதும், இயேசு பார்த்தது சுமந்து வந்தவர்களின் விசுவாசத்தை (மாற்கு 2:5). சில மாதங்களுக்கு உங்களுக்காக மற்றவர்கள் பாடட்டும். நீங்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தால் போதும்; வர முடியாத ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவர் உங்கள் வீட்டுக்கு வந்து உட்காரும்படி உங்கள் ஆயரிடம் கேளுங்கள். வருகிறவர் பிரசங்கம் செய்யாதவராக இருந்தால் நல்லது.

கேள்வி: மாதச் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கைத் தசமபாகக் காணிக்கையாக எடுத்து வைக்கிறேன். அப்பாவுக்கு இருதய அறுவை சிகிச்சைக்குப் பிறகு மருந்துச் செலவு தாங்கவில்லை. தசமபாகத்திலிருந்து எடுத்து மருந்து வாங்கினால் அது கர்த்தரைக் களவாடுவதாகுமா? (வாசகர், கரூர்)

பதில்: தம்பி, உங்களுக்கு மல்கியா 3ஐ யாரோ நினைவூட்டியிருக்கிறார்கள். நான் மாற்கு 7:9-13ஐ நினைவூட்டுகிறேன். தகப்பனுக்கும் தாய்க்கும் செய்ய வேண்டிய உதவியைக் கொர்பான், அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லி நிறுத்தி வைத்தவர்களை இயேசு அங்கே கடிந்துகொள்கிறார். உங்கள் பாரம்பரியத்தால் தேவவசனத்தை அவமாக்குகிறீர்கள் என்கிறார். அப்பாவின் மருந்தை முதலில் வாங்குங்கள். மீதமிருப்பதில் உங்களால் இயன்றதை, அது நூறு ரூபாயாக இருந்தாலும், விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, மனதில் நியமித்தபடியே கொடுங்கள் (2 கொரிந்தியர் 9:7). காணிக்கைக் கவரில் பெயரும் தொகையும் எழுதி அறிவிக்கும் வழக்கம் உங்கள் சபையில் இருந்தால், இந்த மாதங்களில் பெயர் எழுதாமல் போடுங்கள். பொருளாளர் கேட்டால் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.